இன்று எறிகிறவனோடு பேசக் கூடாது

எழுபத்தொன்று. இல்லை, எழுபத்திரண்டு. அடிக்கிறவன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னபோது எங்கள் எறிகாரன் கட்டையன் பந்தை விட்டுவிட்டானா இல்லையா என்பதில் என் கணக்குத் தடுக்கி நிற்கிறது. மேசைக்குக் கீழே வலது கைப் பெருவிரல் விரற்கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான்கு விரலுக்குப் பன்னிரண்டு கணு. பன்னிரண்டு முடிந்தால் இடது கையில் ஒரு கணு நகர வேண்டும். எழுபத்திரண்டு என்றால் நகர வேண்டும், எழுபத்தொன்று என்றால் நிற்க வேண்டும். நகர்வதா நிற்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அடுத்ததையும் எறிந்துவிட்டான். யோகனிடம் கேட்கலாம். அவனுடைய டாப்லட்தான் சீனிப்போத்தலில் சாய்ந்து நின்று பேஸ்பால் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மூலையில் இலக்கம் இருக்கும், என் இருப்பிடத்திலிருந்து அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்க முடியாது. இன்று என் நாள். என் நாளில் நான் பேசுவதில்லை, என்னோடும் யாரும் பேசுவதில்லை, எனக்கும் மற்ற இருவருக்கும் நடுவில் ஒரு கதிரையைக் காலியாக விட்டிருக்கிறார்கள். கோப்பிக்கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கதிரையைப் பார்த்து நாங்கள் மூவரும் கோபக்காரர்கள் என்று நினைப்பார்கள். கோபம் ஒன்றுமில்லை. பேஸ்பாலில் அப்படித்தான். ஒரு அணிக்கு முதல் பந்திலிருந்து எறிய ஐந்து பேர். ஒருவன் ஒரு நாள் எறிந்தால் பிறகு நான்கு நாள் அவனுடைய தோளுக்கு ஓய்வு, அந்த நாட்களில் மற்றவர்கள் முறை வைத்து எறிவார்கள். எவனுடைய நாளோ அவன் வாங்குப் பலகையின் ஓரத்தில் தனியே இருப்பான். கூட விளையாடுகிறவர்கள் அன்றைக்கு அவனோடு பேச மாட்டார்கள், பகிடி விட மாட்டார்கள், அவனுடைய மனம் குழம்பக் கூடாது. நாங்களும் ஐந்து பேர். எங்களுடைய எறி என்பது தில்லையம்பலம் அண்ணையைக் காரில் ஏற்றி, வீதிக்கு அந்தப் பக்கம் தெரிகிற அந்த மண்ணிறக் கட்டடத்தில் இறக்கி, மெசின் அவருடைய இரத்தத்தைக் கழுவி முடிக்கும்வரை இந்தக் கடையில் காத்திருந்து, திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடுவது. செவ்வாய், வியாழன், சனி. முறை வைத்து.

அவர் இப்போது நித்திரையாக இருப்பார். கம்பளியைக் கழுத்துவரை இழுத்து, இடது கையை மட்டும் வெளியே நீட்டி. அந்தக் கையைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன முறை என் நாளில் அந்தக் கட்டடத்தின் வாசலில் காரின் முன் சில்லு ஓரக்கல்லில் ஏறி இறங்கியது. பெரிய வேகம் இல்லை. ஆனால் அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்க ஆயத்தமாக இருந்தார், இடது கை கதவில் போய் அடித்தது, ஊசி குத்துகிற அதே கை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை, அது என் நாள். மாலையில் அந்த இடம் கறுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை யோகன் போன் எடுத்தான். சுற்றி வளைத்துக் காலநிலை கதைத்தான், என் மகளைச் சுகம் விசாரித்தான், பிறகு, "அண்ணை, ஒண்டும் யோசிக்காதேங்கோ, வியாழக்கிழமை கடையில வச்சு உங்கட முறையைப் பற்றி ஒருக்காக் கதைப்பம்," என்றான். நான் ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் விரலை மடித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை என்னுடைய நாள். என் நாளில் அவர்கள் எப்படி என்னோடு கதைப்பார்கள். யோகனுக்கு அது விளங்கவில்லை, மார்க்கண்டுவுக்கும் விளங்கவில்லை, மற்ற இருவருக்கும் வேலை, வரவில்லை. இப்போது வந்து இருந்த பிறகு இருவருக்கும் விளங்கியிருக்கிறது. அதனால்தான் மார்க்கண்டு கோப்பையைத் தூக்குவதும் குடிக்காமல் வைப்பதுமாக இருக்கிறார். அதனால்தான் இருவரும் பேஸ்பாலைப் பிடித்துக்கொண்டு விடாமல் கதைக்கிறார்கள், விட்டால் என்னுடைய கதை வந்துவிடும் என்று.

"சனிக்கிழமை நெட்டையனைத்தான் விட வேணும்," என்கிறார் மார்க்கண்டு. நெட்டையனும் மெதுவானும் எங்கள் அணியின் மற்ற எறிகாரர். "நேற்று ஆட்டம் இல்லை. நெட்டையன் திங்கள் எறிஞ்சவன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, நாலு நாள் ஓய்வு வந்திட்டுது. ஏன் ஞாயிறு வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறது?" "அப்ப மெதுவான்ர முறை?" என்கிறான் யோகன். "மெதுவானை இந்தமுறை தாண்ட வேணும்." "சும்மா இருங்கோ மாக்கண்டண்ணை. சனிக்கிழமை வாறது ஆர்? உந்தத் துறைமுகத்து ஆக்கள். எட்டு ஆட்டம் தொடர்ந்து தோத்துப்போட்டு வாறாங்கள். உவங்களுக்கு நெட்டையனை விடுறது, எலிக்குட்டிக்குப் பீரங்கி வைக்கிற மாதிரி." "எலிக்குட்டியோ? நாலு வருசத்துக்கு முதல் உவங்கள் எங்களை வருசம் முழுக்கப் போட்டு மிதிச்சதை மறந்திட்டீரோ? விழுந்தவனை எழும்ப விடக் கூடாது." "விழுந்தவன் எழும்ப மாட்டான் அண்ணை. நல்ல எறிகாரர் எல்லாரையும் வித்துத் திண்டிட்டாங்கள். மிச்சம் நிக்கிறது தாடிக்காரன் ஒருத்தன். அவனுக்குப் பென்சன் எடுக்கிற வயசு." மெதுவானைத் தாண்ட வேண்டும் என்று மார்க்கண்டு சொன்ன இடத்தில் யோகன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மார்க்கண்டுவும் அதைக் கண்டுகொண்டார். அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அவருக்கு மெதுவானைப் பிடிக்காது, மூன்று வருடமாகப் பிடிக்காது. ஆனால் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. பாவம். நல்ல மனிதர். இன்னொருவர் மனம் நோகாமல் ஒரு வசனம் சொல்ல அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்கே அவருக்கு ஒரு உதவி செய்ய வேண்டும்போல் இருக்கிறது.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பதாகவும் இருக்கலாம். எனக்கு மெதுவானைப் பிடிக்கும். எல்லாரும் மூச்சுவிட நேரமில்லாமல் வேகமாக எறிகிற காலத்தில் அவன் பந்தைக் கையில் வைத்து உருட்டி, தையலைத் தடவி, மூலையைப் பார்த்துப் போடுகிறான். ஐந்தாவது ஆள் என்றால் யாரும் பெயர் சொல்லாத ஆள், மழை வந்தால் தாண்டப்படுகிற ஆள், ஆனால் அவன் அறுபது, எழுபது எறிகளுக்கு ஒரு குற்றம் சொல்ல முடியாமல் எறிந்துவிட்டு ஒரு சத்தமும் இல்லாமல் போய் இருப்பான். அவனுக்குப் பெயர் வைத்தது தில்லை அண்ணை. எல்லாருக்கும் பெயர் வைத்தது அவர்தான், எங்களுக்கு அந்த வெள்ளைக்காரப் பெயர்களும் ஸ்பானியப் பெயர்களும் வாயில் நிற்கவில்லை. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வந்த புதிதில் இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் எழுத்து, எதைக் கேட்டாலும் இரைச்சல். தில்லை அண்ணை இருந்த மாடி வீட்டில் அப்போது ஏழு பேர். பகல் வேலைக்காரர் எழும்பினால் இரவு வேலைக்காரர் அந்த மெத்தையிலேயே படுப்போம், மற்றவனுடைய சூடு மெத்தையில் இருக்கும், குளிர்காலத்தில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று படுத்தவனுக்குத்தான் தெரியும். வீதியில் யாரோ கழித்து வைத்த ஒரு ரிவியை அவர் தோளில் சுமந்து வந்து வைத்தார். சத்தம் வராது, பச்சை நிறம் மட்டும் நன்றாக வரும். அந்தப் பச்சையில் மனிதர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், இடையில் ஒருவன் எறிந்தான். நான் அலுத்துப்போய்ப் படுக்கப் போனேன். "சபா, இருந்து எண்ணு," என்றார். "நாலு வெளி எறி எண்டா அடிக்கிறவனுக்கு நடை. மூண்டு நல்ல எறி எண்டா அவன் வீட்டை போக வேண்டியதுதான். எண்ணினாக் காணும், இங்கிலிஸ் வேண்டாம்." எண்ணினேன். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் யாரும் எண்ணிக்கை சொல்லவில்லை. ஒரு நாட்டுக்குள் நான் நுழைந்த கதவு அதுதான், அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் இப்போது வீதிக்கு அந்தப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கிடக்கிறார். பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை எடுத்துத் தந்தார். விடியுமுன் தன்னுடைய பழைய வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார், பனி கொட்டினாலும் வாசலில் வந்து நிற்பார், ஹோர்ன் அடிக்க மாட்டார், மற்ற வீட்டுக்காரர் எழும்பிவிடுவார்கள் என்று கைவிளக்கை இரண்டு தரம் காட்டுவார். அத்தனை குளிர்காலங்களில் ஒரு நாள்கூட நான் அவருக்கு நன்றி என்று சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. எனக்கு நன்றி சொல்லத் தெரியாது, கார் ஓட்டத் தெரியும். அதனால்தான் இந்த முறை எனக்கு வேண்டும். வேறு எதற்கும் இல்லை. ஐந்து நாளில் ஒரு நாள் நான் அவர் வாசலில் போய் நிற்கிறேன், ஹோர்ன் அடிக்காமல். அதை எடுத்துவிட்டால் நான் அவருக்கு எதைக் கொண்டு சொல்வது.

அவர் துறைமுகத்து ஆட்களின் பக்கம். அந்த வீட்டில் மற்ற ஆறு பேரும் இந்த ஊர் அணியின் பக்கம் நின்றபோது அவர் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஒரு பக்கம் நிண்டா ஆரோட சண்டை பிடிக்கிறது?" என்றார். பகிடிக்குத்தான் போனார், ஆனால் போனவர் திரும்பவில்லை. அவர்கள் வென்ற வருடங்களில் எங்களை இருக்கவிடாமல் செய்தார். இப்போது அவர்கள் பட்டியலின் அடியில் கிடக்கிறார்கள், மைதானத்தில் பாதிக் கதிரை காலி. இந்த மேசையில் அவர்கள் பக்கம் பேச ஆள் இல்லை, பேச வேண்டியவர் மெசினில் கிடக்கிறார், இவர்கள் இருவரும் அவர்களை வெட்டிப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். "மனேஜரை மாத்தினாச் சரிவராது, ஊரை மாத்த வேணும்," என்கிறான் யோகன். "தாடிக்காரனை நாலாவது சுற்றோட எடுக்க வேணும், அதுக்குப் பிறகு அவன் எறியிறது பந்தில்லை, பலூன்." மார்க்கண்டு சிரிக்கிறார். "தில்லையர் கேட்டா உம்மைக் கொல்லுவார். தாடிக்காரன் எண்டா அவருக்குக் குலதெய்வம்." "அவருக்கு ஆர் சொல்லப்போறது?" என்றவன் என்னைப் பார்க்கிறான். நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறான். நான் பேசலாம் என்றால் ஒன்று சொல்லியிருப்பேன். தாடிக்காரன் களைத்துப்போவது நாலாவது சுற்றில் இல்லை, ஆளைப் பார்த்துப் பயந்து எறிய வேண்டிவருகிற சுற்றில். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பந்தைப் பிடிப்பார்கள் என்ற நம்பிக்கை அவனுக்குப் போய்விட்டது, அதனால் ஒவ்வொரு பந்திலும் ஆளை அவனே தனியாக வெளியேற்றப் பார்க்கிறான், அதுதான் கையைத் தின்கிறது. நல்லவர்கள் பின்னால் நின்றால் நாற்பது வயதிலும் எறியலாம். இப்படி எத்தனையோ எனக்குள் கிடக்கின்றன. என் நாளில் பேசக் கூடாது, மற்ற நாட்களில் எல்லாரும் ஒன்றாகப் பேசுகிறார்கள், நான் வாயைத் திறக்குமுன் கதை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்தப் பேசாத வழக்கத்தைத் தொடங்கி வைத்ததும் தில்லை அண்ணைதான். முதன்முதல் அந்தக் கட்டடத்துக்குப் போன அன்று, பயத்தில் எங்கள் ஐவருக்கும் முகம் செத்துப்போய் இருந்தபோது, அவர்தான் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு விரல் நீட்டிச் சொன்னார்: "அஞ்சு பேர். ஆளுக்கொரு நாள். எறியிற நாளில அவனோட ஒருத்தரும் கதைக்கப்படாது, சொல்லிப்போட்டன்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பைவிட நிம்மதி வந்தது. மனிதர்களுக்கு நடுவே ஒரு வார்த்தை சொல்லாமல், ஆனால் அவர்களில் ஒருவனாக இருக்க ஒரு சட்டம். இந்த வயதில் ஒரு கூச்சக்காரனுக்கு இதைவிட என்ன தர முடியும். அதனால் நான் அந்தச் சட்டத்தை மற்ற நால்வரையும்விட இறுக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

எண்பத்தாறு. இதைப் பார்க்க வேண்டும். திரையில் அடிக்கிறவனுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் ஒரு சதுரம் போட்டிருக்கிறார்கள், பந்து அதற்குள் போனால் நல்ல எறி. வலது கண்ணை மூடுகிறேன். சதுரத்தின் இடது கோடு நடுவில் உள்ளே வளைகிறது, தண்ணீருக்குள் வைத்த தடியைப்போல. நடுவில் ஒரு புகார், பனிமூட்டம்போல. இடது கண்ணை மூடுகிறேன், கோடு நேராகிறது. இரண்டையும் திறந்தால் நேரும் வளைவும் கலந்து, பந்து கோட்டுக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு நல்ல எறியை இன்று நான் வெளி எறி என்று எண்ணிவிட்டேன், மார்க்கண்டு உரக்கச் சொன்ன பிறகுதான் திருத்திக்கொண்டேன். கண் வைத்தியர் பகலில் கவனமாக ஓட்டலாம் என்றுதான் சொன்னார், மாரி தொடங்குமுன் மறுபடி வரச் சொன்னார். மகள் வாணி, "அப்பா, காரை விடுங்கோவன்," என்கிறாள், நான் பேப்பர் படிக்கிறதுபோல இருந்துவிடுவேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று ஒரு கண்ணை மூடி அந்தக் கம்பத்தைப் பார்க்கிறேன். சித்திரையில் அது நேராகத்தான் நின்றது. அன்றைக்கு அந்த ஓரக்கல் எங்கே இருந்தது? அது இருந்த இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்த இடத்தில் இல்லை. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சில்லு ஏறியதற்கு வெயில் கண்ணில் அடித்தது என்று யோகனுக்குச் சொன்னேன், அவன் உடனே ஓம் ஓம் என்று நம்பினான், அவ்வளவு வேகமாக நம்பினால் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். கதவில் அடித்த கை. அந்தக் கையில் அவர்கள் நாளத்தையும் நாடியையும் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறார்கள், தொட்டால் உள்ளே பூனை உறுமுகிறதுபோல அதிரும், ஒருமுறை என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். அந்த உறுமல் நின்றால் ஊசி குத்த வேறு இடம் தேட வேண்டும். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. உறுமிக்கொண்டிருக்கிறதா என்று கேட்கப் போனை எடுத்தேன், எடுத்து வைத்தேன், எடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மார்க்கண்டு கொண்டுபோய்விட்டு ஒன்றும் பிழையில்லை என்று எல்லாருக்கும் செய்தி போட்டார். அதை நான் பல தரம் வாசித்தேன்.

இப்போது கட்டையன் தடுமாறுகிறான். எதிரணியில் இரண்டு பேர் ஓடித் தளங்களில் நிற்கிறார்கள், அவனுடைய பந்து மேலே போகிறது. யோகன் நகத்தைக் கடிக்கிறான். மைதானத்தின் வாங்கிலிருந்து மனேஜர் எழும்பிப் படி ஏறி வெளியே வருகிறார். தொப்பையுள்ள மனிதர், ஓட மாட்டார், நடந்துதான் வருவார், எவ்வளவு மெதுவாக நடக்கலாமோ அவ்வளவு மெதுவாக. மண்மேட்டில் கட்டையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.  பந்தை வாங்கி எறிகாரனை வெளியே எடுக்க வருகிறவருக்கும் விருப்பமில்லை, கொடுக்கிறவனுக்கும் விருப்பமில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "எடுக்கத்தான் வேணும்," என்கிறார் மார்க்கண்டு திரையைப் பார்த்து. "இன்னும் ஒரு ஆளுக்கு விடலாம்," என்கிறான் யோகன், அவனும் திரையைப் பார்த்து.  மார்க்கண்டு கோப்பையைத் தூக்கினார், அது வெறும் கோப்பை, ஆனாலும் குடித்தார். நான் அவரைப் பார்த்தேன். கார் திருத்தக் கொடுத்திருக்கிறது, வீட்டிலிருந்து இதற்கென்றே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், இன்று அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. யோகன் வேலையில் பாதி நாள் லீவு போட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வசனம் சொல்ல வந்தவர்கள் இரண்டு மணித்தியாலமாக அதைச் சொல்லாமல் நெட்டையனையும் மெதுவானையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லாமலே எழும்பிப் போய்விடவும் கூடும். போனால் அடுத்த முறையும் நான் ஓட்டுவேன், அந்த வளைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு, தில்லை அண்ணையின் அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு மனிதனுக்கு எத்தனை பேர் இப்படிச் சொல்லத் தயங்குவார்கள். எனக்கு இந்த ஊரில் இருவர் இருக்கிறார்கள், கதிரை விட்டுத் தள்ளி இருக்கிறார்கள்.  நான் செருமினேன்.

"மாக்கண்டு," என்றேன். இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், சீனிப்போத்தல் பேசியதுபோல. "அண்ணை, இண்டைக்கு உங்கட நாள்," என்றார் மார்க்கண்டு. "கதைக்கப்படாது." "நீங்கள் என்னோட கதைக்கப்படாது. நான் கதைக்கலாம்." அப்படி ஒரு சட்டம் இல்லை, அந்த நேரம் நானே உண்டாக்கினேன். "என்ர இடக்கண்ணில ஒரு புகார் நிக்குது. நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது. அண்டைக்கு வெயில் இல்லை, தம்பி யோகன். எனக்குக் கல்லுத் தெரியேல்லை."  "என்ர முறையை எடுங்கோ. நாலு பேரா ஓடுங்கோ. இண்டைக்கு வீட்டை கொண்டுபோறதும் நான் இல்லை." பையிலிருந்து காரின் திறப்பை வளையத்தோடு எடுத்து நடுவில் இருந்த காலிக் கதிரையில் வைத்தேன், அவர்கள் பக்கம்வரை கை எட்டவில்லை. அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. திரையில் கட்டையன் பந்தைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்திருப்பான், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மார்க்கண்டு திறப்பைப் பார்த்தார். "நாங்கள் அப்பிடிச் சொல்ல வரேல்லை அண்ணை," என்றார். "தெரியும்." "குளிர்காலத்தில மட்டும் நிப்பாட்டுவம் எண்டு கேக்கத்தான்..." "தெரியும், மாக்கண்டு." யோகன் எழும்பிப் போனான். கழிப்பறைக்குப் போகிறான் என்று நினைத்தேன். எனக்கு ஒரு கோப்பியும் ஒரு டோனட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலிக் கதிரையிலிருந்த திறப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கதிரையிலேயே இருந்தான். தோள் தோளில் முட்டியது. கட்டையன் எவ்வளவு எறிந்தான் என்று இப்போது கேட்கலாம். கேட்கவில்லை.

என்னுடைய காரில் பின்னுக்கு நான் இருந்தது இதுதான் முதல் தரம். மார்க்கண்டு பஸ்ஸில் போகிறேன் என்று நின்றுவிட்டார். யோகன் ஓட்டுகிறான், முன்னால் தில்லை அண்ணை, முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டு. அந்தக் கறுப்பு மஞ்சளாக மாறியிருக்கிறது. மெசினிலிருந்து எழும்பினால் அவருக்குப் பேச்சு வராது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கும், அது எனக்குத் தெரியும், மூன்று வருடம் நான் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். யோகனைச் சாரதி இடத்தில் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். யோகன் சொன்னான், தன் பாட்டில் மென்று விழுங்கி, கண், புகார், அண்ணையே சொன்னவர், திறப்பை அவரே தந்தவர்.  முதல் சிவப்பு விளக்கில் நின்றோம். இப்போது சொல்வார், உன்னால்தான் கை கறுத்தது என்று, அல்லது அதைவிட மோசமாக, பரவாயில்லை சபா என்று. பரவாயில்லை என்று சொன்னால் நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன். பழக்கத்தில் வலது கண்ணை மூடிக் கம்பத்தைப் பார்த்தேன், வளைந்துதான் நின்றது, ஆனால் இப்போது அது வளைந்து நின்றால் யாருக்கு என்ன. பச்சை விழுந்தது. "அப்ப," என்றார் தில்லை அண்ணை, கழுத்தைத் திருப்பாமல், "இனி உவர் கதைப்பாரோ?" யோகனுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. "மூண்டு வருசம்," என்றார். "உன்ர காரில ஏறினா ஒரு சத்தம் இல்லை. போகேக்கையும் இல்லை, வரேக்கையும் இல்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நேர பாத்துக்கொண்டு இருப்பாய். மெசினில கிடக்கிறதே இதைவிடக் கலகலப்பு, சபா." நான் சொன்னேன், "எறியிற நாளில கதைக்கப்படாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்." அவர் இப்போது திரும்பினார். கழுத்து நரம்பு இழுபடத் திரும்பினார். "உதுகள் உன்னைக் கடையில வச்சு அலுப்படிக்கக் கூடாது எண்டு சொன்னது. உனக்குக் கூட்டம் எண்டா ஏலாதே. காருக்குள்ள என்னோட ஆர் உன்னைக் கதைக்க வேண்டாம் எண்டது?"

யோகன் சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினான்.  அப்படியானால் அந்தச் சட்டம் ஐந்து பேருக்கும் இல்லை, எனக்கு. சக்கர நாற்காலியில் முதல் நாள் பயத்தோடு இருந்துகொண்டு அவர் எனக்காக ஒன்று செய்து வைத்திருக்கிறார், மற்றவர்களைச் சிரிக்க வைத்து, எனக்கே தெரியாமல். அதை வாங்கி நான் அவருடைய முகத்துக்கு நேரேயே மூன்று வருடம் கதவைப்போலப் பூட்டி வைத்திருக்கிறேன். "நான் மாக்கண்டுவைக் கேட்டனான்," என்றார், குரல் இறங்கியிருந்தது, "சபாவுக்கு என்னை ஏத்தி இறக்கிறது கரைச்சலோ, வாய் திறக்கிறானில்லையே எண்டு. அவன் சொன்னான், சபா அண்ணை அப்பிடித்தான் எண்டு. அப்பிடித்தான் எண்டா எப்பிடி? எங்கட ஆக்கள் எட்டு ஆட்டம் தோத்துக்கொண்டு இருக்கிறாங்கள், என்னோட சண்டை பிடிக்க ஒரு மனிசன் இல்லை. உவங்கள் எல்லாம் நான் நோயாளி எண்டு பாவம் பாத்துக் கதைக்கிறாங்கள். நல்லா விளையாடினவங்கள் அண்ணை, அதிட்டம் இல்லை அண்ணை எண்டு." யோகனின் காது சிவந்தது. "சனிக்கிழமை மாக்கண்டுவின்ர நாள். நீ வந்து பின்னுக்கு ஏறுறாய். செவ்வாய்க்கிழமையும் ஏறுறாய். இனி உனக்கு ஓய்வு இல்லை, விளங்குதோ?" விளங்கியது. ஐந்தில் ஒரு நாள் என்பது எல்லா நாளும் ஆகிவிட்டது. ஒரு வசனம் சொல்ல வேண்டும். இவ்வளவு காலம் சொல்லாத வசனம், இப்போதுகூட வாயில் வந்து பல்லில் இடித்து நிற்கிறது. கார் அவருடைய வீதிக்குள் திரும்பிவிட்டது, வீட்டு வாசல் தெரிகிறது. "சொல்லு," என்றார் அவர். "சனிக்கிழமை உங்கட ஆக்களுக்கு எதிரா எங்கட தாடிக்காரனை எத்தினை சுற்றுக்கு விடலாம்?"

"நாலு," என்றேன், சண்டைக்கு யோகன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டு. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அதுக்கு மேல விட்டா உங்கட மனேஜருக்கு மண்டையில ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். தாடிக்காரனில பிழை இல்லை. அவனுக்குப் பின்னால நிக்கிறவங்கள் பந்தைப் பிடிக்கிற ஆக்களில்லை, மீன் பிடிக்கிற ஆக்கள். அது அவனுக்குத் தெரியும். அதனாலதான் அவன் தனிய எல்லாரையும் வெளியேத்தப் பாக்கிறான். போன ஆட்டத்தில மூண்டாம் சுற்றில இருபத்தாறு எறி. ஒரே சுற்றில. எந்தக் கை தாங்கும்?" யோகன் வாசலில் காரை நிறுத்தினான். தில்லை அண்ணை பெல்ட்டைக் கழற்றவில்லை. பஞ்சைப் பிடித்த கையால் யோகனுக்கு முன்னால் வீதியைக் காட்டினார், போ, போ என்று. "இன்னொரு சுத்துப் போ, தம்பி. உவர் தொடங்கிட்டார்." யோகன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தான். "தாடிக்காரன் ஏழு சுற்று எறிவான்," என்றார் தில்லை அண்ணை. "ஏழு." "எறியட்டும்," என்றேன், "அஞ்சாவதில ஆம்புலன்ஸ் வரும்." அவர் சிரித்தார், சிரிக்க மூச்சுப் போதவில்லை, இருமினார், இருமிக்கொண்டே சொன்னார், "உனக்கு விசர், சபா. முழு விசர்." அவர் இப்படி என்னைத் திட்டிக் கேட்டு எவ்வளவு காலம். நான் முன் இருக்கைக்கு இடையில் தலையை நீட்டி அடுத்ததைத் தொடங்கினேன்.